சாட்சிக்கு வைத்த முடி

புளியங்குறிச்சியில் பெண்கள் தலைவாரி முடித்ததும் சீப்பில் சிக்கிய முடியை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுருளாக்கி, அதன்மேல் தூ தூ தூ என்று மூன்று தடவை துப்பிவிட்டுத்தான் வேலிக்கு அப்பால் எறிவார்கள். எதற்காகத் துப்ப வேண்டும் என்று எந்த மகளும் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் எந்தத் தாய்க்கும் பதில் தெரிந்திருக்காது. தாய் துப்பினாள், மகளும் துப்பினாள், காற்று முடியை முள்ளுக்காட்டுக்குக் கொண்டுபோயிற்று, அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. கடைசியில் அதற்கான பதிலை ஊருக்குக் காட்டிக்கொடுத்தவள் மேலத்தெரு சண்முகக்கனி. நல்ல எண்ணத்தில் அல்ல, கெட்ட எண்ணத்தில்.

சண்முகக்கனிக்கு மருமகள் முத்துப்பேச்சியைக் கல்யாணத்தன்றிலிருந்தே ஆகாது. மணவறையில் தன் மகன் வேலாயுதத்தின் முப்பது வயது வழுக்கைக்குப் பக்கத்தில், இடுப்புக்குக் கீழே இறங்கி மணையைத் தொட்டுக்கொண்டிருந்த அந்தச் சடையைப் பார்த்தபோது யாரோ குடும்பத்தையே கேலி செய்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. "கூந்தல் இருக்கிற சீமாட்டி கொண்டையும் போடுவா, அள்ளியும் முடிவா" என்று பக்கத்தில் இருந்த ஒருத்தி சொல்லிவைக்க, சண்முகக்கனியின் கை தன்னால் பின்னந்தலைக்குப் போயிற்று. அங்கே இருந்த கொண்டையில் முக்கால்வாசி சவுரி. இருபத்தொரு வயதிலிருந்தே சவுரிதான்.

முத்துப்பேச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் குழந்தை தாயின் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியது, சிரித்த வாரமே தாய்க்கு முடி கொட்டத் தொடங்கியது. பிள்ளை முகம் பார்த்துச் சிரித்தால் தாய் முடி உதிரும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், சண்முகக்கனிக்கும் தெரியும், தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்க அவளைப்போல யாராலும் முடியாது. துணை சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெபராணி வீட்டுக்கே வந்து, "பிள்ளை பெத்த உடம்பு, ரத்தமும் ஏழுதான் இருக்கு. முட்டை, கீரை குடுங்க. இந்தச் சத்து மாத்திரைய தினம் போடச் சொல்லுங்க. கொட்டுனது எல்லாம் மெதுவா முளைச்சிரும்" என்று மாத்திரை அட்டைகளைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். மாத்திரை போட்டால் தாய்ப்பால் கெட்டுப்போகும் என்று சொல்லி, சண்முகக்கனி அவற்றை பீரோவின் தலையில் வீசினாள்.

அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வேலாயுதம், அடுத்து சண்முகக்கனி, அவள் ஏப்பம் விட்டு வெற்றிலை போட்டு முடித்த பிறகு முத்துப்பேச்சி. பரிமாறும் அகப்பை மட்டும் எப்போதும் மாமியார் கையில். தேங்காய்ச் சிரட்டையில் மூங்கில் காம்பு செருகிய அந்தப் பழைய அகப்பை அவளுடைய மாமியார் கையிலிருந்து அவள் கைக்கு வந்தது. பானையின் அடியைச் சுரண்டி, காந்திய பருக்கையை மருமகள் தட்டில் தட்டும்போதெல்லாம், "சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்" என்பாள். உண்மைதான், ஆனால் சட்டியில் எவ்வளவு போட வேண்டும் என்று அரிசி அளப்பதும் அவள்தான்.

முடி கொட்டுகிற வீட்டில் சோற்றில் முடி விழாமல் இருக்குமா? ஒருநாள் ரசத்தில் கிடந்தது. வேலாயுதம் ஒரு வார்த்தை பேசாமல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான். அவன் பேசாமல் எழுந்து போகிற நாளெல்லாம் முத்துப்பேச்சியும் சாப்பிடாமல் படுத்தாள். சண்முகக்கனி மட்டும் சந்தோஷமாக அந்த முடியை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கழுவிக் காயவைத்த ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடினாள். அன்றிலிருந்து தொட்டிலில், குளிக்கும் இடத்துச் சாக்கடை வாயில், மகனின் சட்டைக் காலரில் என்று எங்கே கிடந்தாலும் பொறுக்கிச் சேர்த்தாள்.

"அத்தை, துப்பாம முடிய வைக்கக்கூடாதும்பாவ. எங்கிட்டயாவது குடுங்க, நான் துப்பித் தாரேன்" என்றாள் முத்துப்பேச்சி பயந்துபோய்.

"சாட்சியில எவளாச்சும் துப்புவாளாட்டி?" என்றாள் சண்முகக்கனி.

ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை அந்தச் சாட்சி சபைக்கு வந்தது. முத்துப்பேச்சியின் அப்பாவும் அம்மா உலகம்மையும் வரவழைக்கப்பட்டிருந்தார்கள். நடுவில் நியாயம் சொல்ல சண்முகக்கனியின் அண்ணன் மூக்கையா உட்கார்ந்திருந்தார். பாயின் நடுவில் பாட்டிலை டொக்கென்று வைத்தாள் சண்முகக்கனி.

"தலைய பாத்துத்தான் பொண்ணு எடுத்தோம். இப்ப பாருங்க. நோய்க்காரிய மறைச்சு என் பிள்ளை தலையில கட்டிட்டிய. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கலாம்னு பாத்தியளா? உங்க பிள்ளைய நீங்களே கூட்டிக்கிட்டுப் போங்க, சம்பந்தி. என் மகனுக்கு வேற வழி பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி, சாட்சியை எல்லோரும் பார்க்கட்டும் என்று மூடியைத் திருகினாள்.

முடி எழுந்தது. பாட்டிலின் வாய் வழியாக அவசரமில்லாமல், குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிற பெண்ணைப்போல வந்து, பாயின் மேல் கொஞ்ச நேரம் யோசித்து நின்று, நான்காகப் பிரிந்து அததன் இடத்துக்குப் புறப்பட்டது. பெரிய பங்கு தொட்டிலுக்குப் போய், நுங்கு மாதிரி வழவழவென்றிருந்த குழந்தையின் தலையில் வேர் பிடித்து, காதுவரை சுருண்டு இறங்கிற்று. குழந்தை சிரித்தது. "பிள்ளை எடுத்தத யாரு கேப்பா? அது உரிமையா எடுத்தது" என்று உலகம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னொரு பங்கு பீரோவின் மேல் ஏறி, தூசி படிந்த மாத்திரை அட்டைகளில் முளைத்துத் தொங்கியது. மூன்றாவது பங்கு அடுக்களைக்குள் நுழைந்து, ஆணியில் மாட்டியிருந்த அகப்பையின் சிரட்டையில் கறுகறுவென்று அடர்ந்தது. நான்காவது பங்கு வேலாயுதத்தின் வழுக்கையில் ஏறி உட்கார்ந்தது.

வேலாயுதம் தலையைத் தடவிப் பார்த்தான், எழுந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தான், இடப்பக்கம் வகிடு எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். அன்றைய சபையில் குழந்தைக்கு அடுத்தபடியாகச் சிரித்தவன் அந்த மடையன் ஒருவன்தான். மூக்கையா தொண்டையைச் செருமி, "வார வெள்ளிக்கிழமை பேசிக்கிடுவோம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் புளியங்குறிச்சியில் ஒரு பெண்ணும் துப்பவில்லை. வீட்டுக்கு வீடு பாட்டில் வைத்தார்கள். பாட்டில் இல்லாதவர்கள் தூக்குச்சட்டியில் வைத்தார்கள். ஒரு வாரம் பொறுத்துத் திறந்தார்கள். ஊரிலுள்ள முடியெல்லாம் காரணம் தேடி வீதியில் நடந்தது, மாடுகள் ஒதுங்கி வழிவிட்டன, டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஆண்கள் கால்களைத் தூக்கி பெஞ்சில் வைத்துக்கொண்டார்கள்.

நூல் மில்லுக்கு வேனில் போகிற பிள்ளைகளின் முடி மில்லின் இரும்பு கேட்டில் போய் முளைத்தது. தலையைத் தோல் இழுபட இறுக்கிக் கொண்டை போட்டுத் தொப்பி மாட்டினால்தான் உள்ளே விடுவார்கள் அங்கே. வெளுப்பதற்கு ஒரு களிம்பு, நீளுவதற்கு ஒரு எண்ணெய் என்று விற்ற பேன்சி ஸ்டோர்க்காரரின் கல்லாப்பெட்டியில், அவற்றை வாங்கித் தேய்த்தவர்களின் முடி முளைத்தது. மெலிய வேண்டும் என்று மூன்று மாதமாகக் கொள்ளுத் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்த கல்யாணப் பெண்ணின் முடி, மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய, இரண்டு சுற்று சின்னதான ரவிக்கையில் முளைத்தது. தமிழாசிரியை குணசீலியின் முடி யார் வீட்டுக்கும் போகவில்லை. தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்து அவள் கழுத்திலேயே சங்கிலி மாதிரி படுத்துக்கொண்டது. நர்ஸ் ஜெபராணி அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது தைராய்டு. நாளைக்கே ரத்தம் குடுத்துப் பாருங்க" என்றாள், அப்படியேதான் இருந்தது. டைபாய்டில் பிழைத்தெழுந்த ஒருத்தியின் முடி வானத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, யாரையும் குற்றம் சொல்லத் தெரியாமல் மண்ணில் படுத்தது. தலைமுறையாக உச்சி வகிடு அகன்ற குடும்பத்தில் பிறந்தவளின் முடி அவள் அப்பாவின் போட்டோவில் மாலையோடு மாலையாகத் தொங்கிற்று.

இவ்வளவும் நடந்தபோது மேல்நிலைத் தொட்டியில் மட்டும் ஒரு முடிகூட முளைக்கவில்லை. இத்தனை வருஷமாக ஊரில் எவள் தலை மெலிந்தாலும் "உப்புத் தண்ணி, வேறென்ன" என்றுதான் ஆண்கள் சொல்லிவந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவரே ஏணி வைத்து ஏறித் தொட்டியைச் சுற்றித் தடவிப் பார்த்தார். தவளை முட்டை இருந்தது, பாசி இருந்தது, முடி இல்லை. அவர் இறங்கி வந்தபோது முகம் செத்திருந்தது, ஏனென்றால் பழிபோட இனி எதுவும் பாக்கியில்லை.

வேலாயுதத்தைப்போலத் தலையில் முடி முளைத்த ஆண்கள் முதல் வாரம் சந்தோஷப்பட்டார்கள். இரண்டாம் வாரம் முடிதிருத்தும் அருணாசலம் வேலாயுதத்தின் தலையில் கத்திரி வைத்தவர் நிறுத்தி, முகர்ந்து பார்த்து, "வே, இதுல செம்பருத்தி எண்ணெய் வாசனைல்லா அடிக்கி. இது பொம்பளை முடி. உம்ம பெண்டாட்டி முடி" என்று கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஊரில் அடர்ந்த தலையோடு நடப்பது அவமானமாயிற்று. வழுக்கைக்கு மதிப்பு வந்தது. பெண்பார்க்கும் தரகர்கள், "மாப்பிள்ளை சுத்த வழுக்கை, தங்கமான குணம்" என்று சொல்லத் தொடங்கினார்கள். பிறவியிலேயே நல்ல முடி உள்ள அப்பாவிகள், தங்கள் பள்ளிக்கூட போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். விடியும் முன் ஒவ்வொரு வீட்டிலும் சவரக்கத்தி சத்தம் கேட்டது. அருணாசலம் மனிதர்களுக்கு நேரம் ஒதுக்க முடியாமல் மில் கேட்டையும் கல்லாப்பெட்டியையும் சிரைத்துக்கொண்டிருந்தார், மாலைக்குள் அவை மறுபடி முளைத்தன.

கடைசியில் பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அனுப்பினார்கள்: தாய்மார்கள் பண்பாட்டைக் காக்க வேண்டும், முன்னோர் வழக்கப்படி முடியில் மூன்று முறை துப்பியே எறிய வேண்டும். முன்னோர்மேல் ஆண்களுக்கு அவ்வளவு பாசம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பெண்கள் வாசலில் நின்று கேட்டார்கள். துப்பவும் செய்தார்கள், ஆனால் முடியின் மேல் அல்ல, போகிற ஆட்டோவின் பின்னால்.

சண்முகக்கனி மட்டும் அகப்பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். காலையில் சிரைத்தால் உலை கொதிக்கும் முன் முளைத்தது. சுடுதண்ணீரில் போட்டாள், சுண்ணாம்பு தடவினாள், அசையவில்லை. முத்துப்பேச்சி பீரோவின் மேலிருந்த மாத்திரைகளைத் தானே எடுத்து, மாமியார் பார்க்கத் தண்ணீர் ஊற்றி விழுங்கினாள். உலகம்மை கொடுத்தனுப்பிய முட்டையை அவித்து முதல் ஆளாக உட்கார்ந்து தின்றாள். அவள் நெற்றியோரத்தில் புல் முளைத்த மாதிரி பிஞ்சு முடி எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க சண்முகக்கனிக்கு வயிறு எரிந்தது.

அப்படி எரிந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம்தான், அடுப்புக்குப் பின்னால் சுவரில் இருந்த பொந்திலிருந்து வேறொரு முடி வந்தது. செம்பட்டையாக, சுருட்டையாக, முப்பத்தொரு வருஷத்துப் புகையோடு வந்தது. சண்முகக்கனிக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வேலாயுதத்தைப் பெற்ற வருஷம், சவுரிக்காரன் வந்தால் கொடுத்துச் சவுரி முடைந்து வாங்கலாம் என்று துப்பாமல் சுருட்டிச் செருகி வைத்து, அப்புறம் மறந்துபோன தன் தலைமுடி. அது நேராகப் போய் அகப்பையில், கறுப்பு முடிக்கு நடுவே முளைத்தது. அவளுடைய மாமியார் பானையின் அடியைச் சுரண்டும் சத்தம் சண்முகக்கனியின் காதில் கேட்டது. அந்தக் கிழவி சொல்கிற வார்த்தையும் கேட்டது. அது அவள் தினம் சொல்லுகிற அதே வார்த்தைதான்.

அந்த நிமிஷத்தில் அவள் வாயைத் திறந்து அடுத்த அறையில் இருந்த மருமகளைக் கூப்பிட்டு, "ஏட்டி, இங்க வந்து பாரு, இது என் முடி" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யாரும் பார்க்கும் முன் அகப்பையைக் காலால் மிதித்து முறித்து அடுப்பில் வைத்தாள். சிரட்டை நன்றாக எரியும், எரிந்தது. அகப்பைதான் எரிந்தது, பழக்கம் எரியவில்லை. அன்று சாயந்திரம் புது எவர்சில்வர் கரண்டியால் மருமகளுக்கு அடிச்சோற்றைச் சுரண்டும்போது உள்ளங்கை அரித்தது. விரித்துப் பார்த்தாள். கரண்டியைப் பிடிக்கிற அந்த வலது உள்ளங்கையில், ரேகைகளின் ஓரமாக வரிசை பிடித்து முடி முளைத்திருந்தது.

முந்தானைக்குள் எத்தனை நாள் மறைக்க முடியும்? கார்த்திகையில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. கொடைக்குப் பாயசம் ஊற்றுவது அவள் வீட்டு உரிமை, நாலு தலைமுறை உரிமை. அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றாள். பந்தியில் முதல் ஆள் அவள் கையைப் பார்த்துவிட்டு இலையை மடித்தான், அடுத்தவன் மடித்தான், பந்தி முழுக்க இலை மடிகிற சத்தம் கேட்டது. "கையில முடிய வச்சுக்கிட்டு ஊருக்கு ஊத்த வந்துட்டா" என்று ஒருத்தி சொன்னாள், சத்தமாகத்தான் சொன்னாள். கரண்டியை வாங்கி வேறு வீட்டுக்காரி கையில் கொடுத்தார்கள். சண்முகக்கனி அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கோபத்தில்தான் அழுதாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, தள்ளிக்கொண்டே போன சபை மறுபடியும் கூடியது. அதே பாய், அதே சம்பந்திகள், அதே மூக்கையா. பாட்டிலுக்குப் பதிலாக இந்தத் தடவை சண்முகக்கனி தன் வலது கையை மருமகள் முன்னால் நீட்டினாள்.

"நீ இந்த வீட்டுலயே இருந்துக்கோ. நான் ஒண்ணும் சொல்லல. இதுல மூணு தடவை துப்பிரு. உன் முடி, நீ துப்புனாத்தான் விழும். துப்பிருட்டி."

எல்லோரும் முத்துப்பேச்சியைப் பார்த்தார்கள். உலகம்மைகூட, "துப்பிரு தாயி, வீட்டோட இருக்கலாம்லா" என்று மெல்லச் சொன்னாள். முத்துப்பேச்சி மாமியாரின் கையைப் பிடித்து அருகில் இழுத்துப் பார்த்தாள். நீளமான கறுப்பு முடிகளின் நடுவில் செம்பட்டையாக ஒன்று சுருண்டு கிடந்ததையும் பார்த்தாள். நிமிர்ந்து மாமியாரின் சவுரிக் கொண்டையைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிற்று, விளங்கியதால் கோபம் கூடத்தான் செய்தது.

"அடிச்சோத்து ருசி உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு" என்றாள். "தெரிஞ்சேதான் எனக்குச் செஞ்சிருக்கிய."

"துப்புட்டி!"

"சாட்சியில எவளாச்சும் துப்புவாளா அத்தை?" என்று கையை விட்டாள் முத்துப்பேச்சி.

அவள் தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டாள், பெட்டியை அப்பா எடுத்துக்கொண்டார். வாசலில் வேலாயுதம் நின்றான். காலையில் சிரைத்த தலையில் அதற்குள் அரை விரல் முடி. "நானும் வரட்டா பேச்சி?" என்றான்.

"தலைய வழிச்சிட்டு வாங்க. ஒரு மாசம் மறுபடி முளைக்காம இருந்தா உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். வேலாயுதம் அங்கிருந்தே அருணாசலத்தின் கடைக்கு நடந்தான். அவன் தலை என்ன ஆயிற்று என்பது வேறு கதை.

சண்முகக்கனி கேட்டது கிடைத்துவிட்டது; மருமகள் போய்விட்டாள். அன்று பானை நிறையச் சோறு இருந்தது, அடியைச் சுரண்ட வேண்டிய தேவை இல்லை, முதலில் யார் உட்காருவது என்ற கேள்வியும் இல்லை. தட்டில் போட்டுப் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தாள். முடி. எடுத்துப் போட்டுவிட்டு இன்னொரு கவளம். அதிலும் முடி. ஏசுவதற்காகத் தலையைத் தூக்கினாள், வீட்டில் யாரும் இல்லை.

கையைக் கழுவிவிட்டு உள்ளங்கையை வெளிச்சத்தில் பிடித்தாள். கறுப்பு முடியை அவள் ஒன்றும் செய்ய முடியாது. செம்பட்டை முடி அவளுடையது. அதை மட்டும் அவளே துப்பி உதிர்க்கலாம், யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. கையை வாய்வரை கொண்டுபோனாள். எச்சில்கூட ஊறிவிட்டது. இருபத்தொரு வயதில் இந்த அடுக்களையில், இதே இடத்தில் உட்கார்ந்து, காந்திய பருக்கையைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிய ஒருத்தி இருந்தாள் என்பதற்கு அந்த ஒற்றை முடியை விட்டால் இந்த உலகத்தில் வேறு சாட்சி கிடையாது. எச்சிலை விழுங்கிக்கொண்டு, கையை மெல்ல மூடி, முடியோடு இருந்த அந்தச் சோற்றையே எடுத்துத் தின்னத் தொடங்கினாள்.